படகுக்கு அடியில் ஃபோம் ஊற்றினால் போதுமா?

கேள்வி, 28.11.2021

குடியாத்தம் பக்கம். இந்த மழையில் பாலாறு இரு கரை தொட்டு ஓடுகிறது, எங்கள் ஊர் ஏரி கோடி போகிறது. சென்னையில் ஒருவரிடம் பழைய 12 அடி ஃபைபர் பாய்மரப் படகு விலைக்கு வருகிறது. உள்ளே காற்றுப் பெட்டி, ஃபோம் எதுவும் கிடையாது. தண்ணீர் புகுந்தால் கல் மாதிரி போய்விடும் என்கிறார்கள். தரைப்பலகைக்கு அடியில் ஃபோம் ஊற்றி நிரப்பிவிட்டால் மூழ்கவே மூழ்காது என்பது என் எண்ணம். சரிதானே?

29.11.2021

சரிதான். வாங்குங்கள், ஊற்றுங்கள். நானும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

ஆற்காடு பக்கம் என் வீட்டுப் புளியமரத்தடியில் இதே மாதிரி ஒரு படகு ஒன்றரை வருடமாகக் கிடக்கிறது. குட்டியானை வேனில் ஏற்றி வந்தபோது பின்னால் நான்கு அடி நீட்டிக்கொண்டிருந்தது, சுங்கச்சாவடியில் இறங்கி வந்து பார்த்தார்கள். இத்தனை நாளும் வைக்கோல் போட்டு வைத்திருந்தேன். இந்த மழையில்தான் அது படகு என்று ஞாபகம் வந்தது.

கணக்கு சுலபம். 1 லிட்டர் ஃபோம் 1 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதாவது 1 கிலோ தூக்கும். என் படகு 90 கிலோ, ஆக 90 லிட்டர். இரண்டு ஆள் 130 கிலோ, ஆக 130 லிட்டர். மொத்தம் 220. முடிந்தது கதை.

29.11.2021, இரவு

முடியவில்லை. படுத்தபிறகு உறைத்தது.

தண்ணீருக்குள் போன பொருள் முழு எடையோடு இழுக்காது. ஃபைபர் கண்ணாடிக்குக் கரையில் இருக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே மிஞ்சும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அட்டவணையில் ஃபைபர் 0.33, அலுமினியம் 0.63, இரும்பு 0.88, ஈயம் 0.91. மரம் தன்னையே தூக்கிக்கொள்ளும், அது நம் பக்கம். 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகள் மூழ்காமல் இருக்க அவர்கள் போட்ட விதியில் வரும் எண்கள் இவை. பாய்மரப் படகுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு, ஆனால் எண் எண்தானே.

மறுபடி போடுகிறேன். உடல் 90 கிலோ, தண்ணீருக்குள் 30. படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்குகிற இரும்பு நடுப்பலகை 15, உள்ளே 13. அலுமினியப் பாய்மரமும் கீழ்க்கழியும் 12, உள்ளே தண்ணீர் புகுந்ததாக வைத்தால் 7 அல்லது 8. ஆகக் கூட்டி 50 கிலோ சொச்சம். வெறும் படகு அடிக்குப் போகாமல் இருக்க 50, 55 லிட்டர் போதும்.

ஆள் கணக்கும் தப்புதான். தண்ணீரில் கிடக்கிற ஆள் ஏறக்குறையத் தானே மிதப்பார். உள்ளே ஏறி உட்கார்ந்து தண்ணீர் இறைக்கும்போதுதான் இடுப்புக்கு மேலே உள்ள எடை படகின் தலையில் விழும். இரண்டு பேருக்கு 65, 70 கிலோ வைக்கலாம். அதற்குமேல் கைமிச்சம். 200 லிட்டர் என்று முடிவு செய்கிறேன். சுற்றிச் சுற்றிப் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாலும், இப்போது காரணம் தெரிகிறது.

5.12.2021

“வேலூரில் பாய்மரப் படகா?” என்று கேட்டுச் சிரித்த அண்ணனுக்கு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்மைச் சொல்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே கோட்டைக்குள் திரும்பிவிட்டார். தண்ணீர் போன மாதம் வந்துவிட்டது. பாக்கி ராஜாதான். நானே படகில் போய்ப் பார்த்து அழைத்து வருகிறேன்.

12.12.2021

தெர்மோகோல் வாங்கினேன். 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் கனம் கொண்ட ஒரு அட்டை 25 லிட்டர். எட்டு அட்டை போட்டால் 200 லிட்டர் வந்துவிடும், எல்லாம் சேர்ந்தே 4 கிலோதான் இருக்கும். முதலில் ஒன்றை மட்டும் முன்பக்கத்தில் வைத்து, மேலே ஃபைபர் மேட் விரித்து ரெசின் தடவினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேட் தொங்குகிறது, கீழே தெர்மோகோலைக் காணோம். அடியில் சளி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது பாலியஸ்டர் ரெசின், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மோகோலும் ஸ்டைரீனில் பிறந்ததுதான். தாயைக் கண்டதும் கரைந்துவிட்டது. எபாக்ஸி ரெசின் இந்த வேலையைச் செய்யாது, விலைதான் கடிக்கும். பெட்ரோலும் கரைக்கும், செருப்பு ஒட்டுகிற சொல்யூஷனும் கரைக்கும். வெள்ளை ஃபெவிகால் ஒன்றும் செய்யாது, ஆனால் தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும்.

13.12.2021

ஆமாம், வைகை அணை ஜோக் வரும் என்று தெரியும். மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் 2017இல் அங்கே நடந்ததில் நமக்கு விஷயம் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அணையில் மிதக்கவிட்ட தெர்மோகோல் அட்டைகள் காற்றடித்ததும் கரை ஒதுங்கின. படகுக்குள் சும்மா செருகி வைத்த தெர்மோகோலும் அதைத்தான் செய்யும். படகு கவிழ்ந்த உடனே அட்டை ஒரு பக்கம், படகு ஒரு பக்கம். 25 லிட்டர் அட்டை தண்ணீருக்குள் கிட்டத்தட்ட 25 கிலோ விசையோடு மேலே முட்டும், அதற்கு ஈடான கட்டு வேண்டும். சணல் கயிறு போதாது.

19.12.2021

இன்று ஊற்று ஃபோம். மச்சான் ஆம்பூரில் ஷூ சோல் வேலையில் இருக்கிறான். ஃபோமுக்குக் கலக்குகிற இரண்டு திரவங்களான பாலியாலும் ஐசோவும் அவனுக்குத் தினமும் பார்க்கிற சாமான். சோலுக்குப் போடுவது கனமான சரக்கு, நமக்கு வேண்டியது உப்புகிற சரக்கு என்று சொல்லி வேறு இடத்தில் வாங்கிக் கொடுத்தான். இரண்டையும் சரிபாதி கலந்தால் அரை நிமிடத்தில் பொங்க ஆரம்பிக்கும். 1 லிட்டர் கலவை சுமார் 30 லிட்டராக எழும். கையுறை, முகமூடி கட்டாயம், திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். ஐசோ நெஞ்சைப் பிடிக்கிற சாமான்.

“கொஞ்சம் கொஞ்சமா ஊத்து மாமா” என்றான். நான் கேட்கவில்லை. தரைப்பலகைக்கு அடியில் ஒரே மூச்சில் ஊற்றினேன். இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்து நிற்குமே, அந்த மாதிரி. மாவு மூடியைத்தான் தள்ளும், இது பலகையைத் திருகோடு பிடுங்கிவிட்டது. நடுவில் கை வைக்க முடியாத சூடு. பிறகு அறுத்துப் பார்த்தால் மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் காபிக் கலர், வெந்து கருகியிருக்கிறது.

இப்போது என் கருத்து: ஒரு தடவைக்கு நாலு விரல் கனம், ஆறவிட்டு அடுத்தது, மேலே பொங்கி வழிய ஒரு வாய் விட்டுவைப்பது. எல்லாம் ஊற்றியபிறகு வந்த ஞானம்.

டப்பாவில் வரும் ஸ்பிரே ஃபோம் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். அது ஜன்னல் சந்து அடைப்பதற்கு. காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும், கனமாக அடித்தால் உள்ளே பச்சையாகவே கிடக்கும்.

30.1.2022

முதல் குறிப்பில் “சரிதான், ஊற்றுங்கள்” என்றேன் அல்லவா? வாபஸ்.

இன்று ஏரிக்குக் கொண்டுபோனோம். மீன் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, வாளியால் மொண்டு மொண்டு ஊற்றி நிரப்பினோம். விளிம்பு வரை நிரம்பியும் மூழ்கவில்லை. மச்சான் கைதட்டினான். நான் ஏறி உட்கார்ந்தேன். படகு ஒரு கணம் யோசித்தது. அப்புறம் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, என்னை இடப்பக்கம் இறக்கிவிட்டுத் தலைகீழாகப் புரண்டது. பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொண்டது. அடிப்பாகம் மேலே பளபளவென்று மிதக்கிறது.

கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர்: “இன்னா நைனா, கவுத்துப் போட்ட சட்டி கணக்கா கீதே உன் படகு?”

“மூழ்கலயே தாத்தா” என்றேன்.

“மூய்கல. ஒக்காரத்தான் எடம் இல்ல.”

பாய்மரத்தைச் சேற்றிலிருந்து பிடுங்க நான்கு பேர், ஒரு மணி நேரம். நிமிர்த்தின பிறகும் தண்ணீர் இறைக்க முடியவில்லை. நடுப்பலகை இறங்குகிற பெட்டியின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது, ஒரு வாளி வெளியே போனால் ஒரு வாளி அந்த வாய் வழியாக உள்ளே வந்தது. என் லுங்கியைச் சுருட்டி அதில் அடைத்துத்தான் கரை சேர்ந்தோம். உள்ளே டவுசர் இருந்தது, கவலைப்பட வேண்டாம்.

2.2.2022

ஏன் புரண்டது? நம் ஊரில் பிள்ளைகள் நீச்சல் பழக முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். அதே குடுக்கையைக் காலில் கட்டி இறக்கினால்? கால் மேலே வரும், தலை கீழே போகும். நான் படகுக்குச் செய்தது அதுதான்.

தண்ணீர் நிரம்பாதவரை படகின் முழு உடலும் மிதவை. நிரம்பிவிட்டால் ஃபோம் மட்டும்தான் மிதவை. அது அடியில் இருந்தால் எடை எல்லாம் அதற்கு மேலே நிற்கிறது, மேலே வர இடம் தேடுகிற ஃபோம் படகைப் புரட்டிவிட்டுத்தான் ஓயும். ஃபோம் உயரத்தில், விளிம்பை ஒட்டி, இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் இருந்தால் எடை அதிலிருந்து தொங்கும். அப்போது படகு நேராக நிற்கும்.

ஆப்டிமிஸ்ட் என்று சிறுவர்கள் ஓட்டும் ஒரு படகு, 1947இல் கிளார்க் மில்ஸ் வரைந்தது. சென்னைத் துறைமுகத்துக்குள் பயிற்சிக்கு ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் மூன்று காற்றுப் பைகள்: பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று, வார்போட்டுக் கட்டியிருக்கும். தரைக்கு அடியில் ஒன்றும் கிடையாது. பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

20.2.2022

கட்டுமரம் பற்றிக் கேட்டவருக்கு: அது இந்தப் பேச்சுக்கே வராது. மரமே ஃபோம். உள்ளே என்று ஓர் இடம் இருந்தால்தானே தண்ணீர் புக? பலகை வைத்துக் குழி உண்டாக்கி அதில் உட்கார ஆசைப்பட்ட நாளில்தான் மூழ்குகிற பிரச்சினை பிறந்தது. அப்பர் சுவாமிகள் மாதிரி கல்லைக் கட்டியும் மிதக்க எல்லோருக்கும் கொடுத்துவைக்குமா?

லாரி டியூப் பற்றி: ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் அதில்தான் போகிறார்கள், நல்ல சாமான். ஆனால் நம் ஏரிகளின் உள்வாயில் முக்கால்வாசி சீமைக்கருவேலம். ஒரு முள் போதும். ஃபோமில் முள் குத்தினால் முள்ளுக்குத்தான் நஷ்டம்.

குளிர்பான பாட்டில் பற்றி: இது நல்ல யோசனை, சிரிக்காதீர்கள். மூடி இறுக்கிய 2 லிட்டர் பாட்டில் 50 எடுத்தால் 100 லிட்டர். இரண்டு ஓட்டையானாலும் 48 இருக்கும். வலைப்பையில் போட்டு இருக்கைக்கு அடியில் கட்டலாம். உருண்டைக்கு நடுவே சந்து விழும், இடம் வீணாகும், அதுதான் குறை.

8.5.2022

கத்திரி வெயில். புளியமரத்தடியிலேயே படகைத் தொட முடியவில்லை.

சிலர் “ஃபோமே வேண்டாம், முன்னும் பின்னும் பலகை வைத்து அடைத்துக் காற்றுப் பெட்டி செய்துவிடுங்கள்” என்றார்கள். செய்யலாம், ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு விஷயம் பாருங்கள். 27 டிகிரியில் மூடின காற்று வெயிலில் 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 11 சதவீதம் ஏறும். கேட்கக் கொஞ்சமாக இருக்கும். சதுர மீட்டருக்கு 1 டன்னுக்கு மேல்! 6 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகையை அந்த அளவுக்கு உள்ளிருந்து தள்ளினால் மூட்டு விரிசல் விடும், பிறகு அந்த விரிசல் வழியாகவே தண்ணீர் போகும். கரையில் நிற்கும்போது மூடியைத் திறந்தே வையுங்கள். பெட்டி கட்டி அதற்குள் ஃபோம் அட்டையும் அடுக்குவது என்றால் இரட்டைக் காப்பு. பெட்டி ஓட்டையானாலும் அட்டை இருக்கும்.

தெர்மோகோலுக்கும் சூடு ஆகாது. 80 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் இளகிச் சுருங்க ஆரம்பிக்கும். கருப்பு பெயின்ட் அடித்த மூடியின் கீழே நேராக ஒட்டி வைக்காதீர்கள்.

24.7.2022

கிணற்றுச் சோதனை. ஏப்ரலில் நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 10 லிட்டர், வலைப்பையில் கட்டிக் கருங்கல்லோடு எங்கள் கிணற்றில் இறக்கியிருந்தேன். மூன்று மாதம் கழித்து இன்று எடுத்து, மளிகைக்கடை மின்தராசில் நிறுத்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஊற்று ஃபோம், அறுத்த துண்டு: போகும்போது 330 கிராம், வரும்போது 1 கிலோ 200. தெர்மோகோல்: 200 கிராம் 480 ஆனது. மொட்டை மாடியில் சூடு தாங்கப் பதிக்கிற எக்ஸ்பிஎஸ் பலகை: 320 கிராம் 350 ஆனது. ஆம்பூர் ஈவிஏ ஷீட், செருப்பு அடிக்குப் போடுவது: போனபடியே வந்தது, ஆனால் அது தொடக்கத்திலேயே ஒன்றரை கிலோ.

எக்ஸ்பிஎஸ் வாங்குங்கள் என்பேன். ஈவிஏ கல்லுக்குண்டு மாதிரி உழைக்கும், பெட்ரோல் பட்டாலும் தெர்மோகோல் மாதிரி உடனே கரைந்து ஓடாது, வெட்டுத்துண்டு ஆம்பூரில் எடைக்கு எடை கிடைக்கும், ஆனால் 200 லிட்டர் போட்டால் படகில் 30 கிலோ ஏறிவிடும். விளிம்பில் முட்டுத்தாங்கியாக ஒட்டலாம்.

ஊற்று ஃபோம் தண்ணீர் குடிக்காது என்று டிசம்பரில் யாரோ ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். அறுக்காத தோலோடு, உலர்ந்த இடத்தில் இருந்தால் குடிக்காது. அடிப்பள்ளத்தில் எப்போதும் தேங்கிக் கிடக்கிற தண்ணீரில் வைத்தால் குடிக்கும். நான் வைத்தது அடிப்பள்ளத்தில்.

18.12.2022

மாண்டஸ் புயல் மழையில் ஏரி மறுபடி நிறைந்துவிட்டது. இரண்டாவது சோதனை.

இந்த முறை எக்ஸ்பிஎஸ். முன்மூக்கில் 60 லிட்டர், பின்பலகையின் இரண்டு மூலையிலும் 20, 20, பக்க இருக்கைகளுக்கு அடியில், விளிம்புக்குக் கிட்டத்தில் 50, 50. ஒவ்வொரு அட்டையையும் உரச்சாக்குத் துணியில் சுற்றி, 50 மில்லிமீட்டர் நைலான் வார் போட்டு, போல்ட்டும் பெரிய வாஷரும் வைத்து இறுக்கினேன். அட்டைக்கும் படகின் உடலுக்கும் நடுவே ஒரு விரல் சந்து, தண்ணீர் வடிய. பாய்மரத்தின் இரண்டு முனையிலும் ஃபோம் கட்டை செருகி எம்-சீல் போட்டேன். கவிழ்ந்தால் அந்தக் குழாயே மிதவையாகி, தலைகீழாகப் போவதைக் கொஞ்சம் தாமதிக்கும். அடியில் ஊற்றினது அப்படியே கிடக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன்.

நிரப்பினோம். நேராக நின்றது. நான் ஏறினேன், நின்றது. மச்சானும் ஏறினான், ஒரு பக்கம் சாய்ந்து யோசித்து மறுபடி நின்றது. விளிம்பு தண்ணீருக்கு மேல் நாலு விரல், பெட்டி வாய் இரண்டு விரல். லுங்கிக்கு வேலையில்லை. இரண்டு வாளியில் 20 நிமிடம் இறைத்துக் காலியாக்கினோம்.

பெரியவர் வந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

19.12.2022

பக்கவாட்டில் இன்னும் 100 லிட்டர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: நானும் கேட்டுக்கொண்டேன். நேற்றே மூன்றாவதாக ஒருமுறை வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தோம். பக்கத்தில் ஃபோம் கூடக் கூடப் படகு ஒருக்களித்து உயரமாக மிதக்கும். நடுப்பலகை தலைக்கு மேலே போய்விடும், கை எட்டாது, அதைப் பிடித்துத் தொங்கித்தானே நிமிர்த்த வேண்டும்? காற்றும் அடிப்பாகத்தில் பட்டுத் தள்ளும், முழுசாகக் கவிழவும் வழி ஆகும். குறைத்தால் நிமிரும்போது நிறையத் தண்ணீரோடு நிமிரும். 50க்கு 50 என் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. நான் ஐந்தே கால் அடி. நீங்கள் உங்கள் கையை அளந்து பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் இதில் சேர்த்தி இல்லை. அது எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும், ஃபோம் படகுக்குத்தான்.

5.3.2023

அடியில் ஊற்றினதை இன்று வெட்டி எடுத்தேன். கதிர் அரிவாளும் மண்வெட்டியும்தான் ஆயுதம். மூன்று சாக்கு வந்தது. போட்டது 3 கிலோ, எடுத்தது ஒரு சாக்கே நான் தூக்க முடியாத கனம், பிழிந்தால் ஏரித் தண்ணீர் வாடை. படகு கரையில் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குடியாத்தம் தம்பி, அந்தப் படகை வாங்கினீர்களா? என் முதல் பதிலைப் படித்துவிட்டு ஊற்றியிருந்தால் மன்னிக்கவும், மண்வெட்டி இரவல் தருகிறேன். இன்னும் ஊற்றவில்லை என்றால் பாலியால் ஒரு கேன், ஐசோ ஒரு கேன் மிச்சம் இருக்கிறது, எடுத்துப்போய் ஐஸ் பெட்டி செய்துகொள்ளுங்கள். நாலு விரல் கனம், ஆறவிட்டு அடுத்தது.